பத்து மீட்டர்

கம்ப்யூட்டர் திரையின் புளூடூத் பட்டியலில் நான்கு பெயர்கள் வந்தன. மூன்றுக்குப் பொறியாளரிடம் விளக்கம் இருந்தது: புதுக் கீபோர்டு, புது மவுஸ், பக்கத்து வீட்டு டிவி. நான்காவது பெயர், ‘அம்மா காது’.

விளக்கம் இல்லாமல் இருந்து பழக்கமில்லாதவர் அவர். ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் ‘தலைமைப் பொறியாளர்’ பலகை வாசலில் இருந்து இறங்கவில்லை. குழாய் ஒழுகினால் குழாயின் வரலாற்றில் இருந்து ஆரம்பிப்பார். அந்த நேரங்களில் மனைவி காதுக் கருவியை நைசாக அணைத்துவிட்டுச் சிரித்த முகமாகத் தலையாட்டுவாள். அதிசயமாக அவர் ரகசியம் பேசக் குனிந்தால் மட்டும், மிக அருகில் எது வந்தாலும் கத்தும் அந்தக் கருவி, மெல்லிசாக விசிலடிக்கும். இருவரும் சிரித்துவிடுவார்கள்.

மனைவியின் பழைய கம்ப்யூட்டரைத்தான் இப்போது மகளுக்காகத் தயார் செய்துகொண்டிருந்தார். மகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆறு மணிக்கு வந்து எடுத்துப்போவாள். தூசி துடைத்து, வைஃபை கார்டு பொருத்தி, நகம் அளவு புளூடூத் துண்டைப் பின்னால் செருகியதும் அவளிடம் போனில் உரையும் ஆற்றியாகிவிட்டது.

“வயரே கிடையாதும்மா. ஆனா பத்து மீட்டர்தான். அதுக்கு மேல எட்டாது. பௌதிகம்.”

“சரிப்பா, ஆன் ஆகுதா? அதச் சொல்லுங்க.”

நான்காவது பெயரைப் பார்த்ததும் மறுபடி அவளை அழைத்தார். “அம்மா காதுக் கருவிக்கு நீ புளூடூத்ல என்ன பேரு வெச்ச?”

“‘அம்மா காது’. ஏம்ப்பா?” சற்று நிறுத்தினாள். “அதான் அம்மாகூடவே போயிடுச்சே. நீங்கதானே கழட்ட வேணாம்னீங்க.”

ஆம். மூன்று மாதம் முன்பு, பெட்டியை மூடப்போனவர்களைத் தடுத்து, ‘யாராவது கூப்பிட்டா அவளுக்குக் கேக்கணும்ல’ என்றார். வாழ்நாளில் அவர் ஆற்றிய மிகச் சிறிய உரை அது. கல்லறைத் தோட்டம் எட்டு கிலோமீட்டர்.

“ஒண்ணுமில்லம்மா” என்று வைத்தார்.

மவுஸ் அந்தப் பெயரின் மேல் நின்றது; விரல் அழுத்தியது. இணைந்தது. சிக்னல் ஒரு கோடு. மின்விசிறியின் முனகலும், சமையலறைக் குழாயில் சொட்டுச் சொட்டாக விழும் நீரும், சூடேறிய பழைய தூசியின் வாசனையும் அந்தச் சாயங்கால அறையில் எப்போதும்போலத்தான் இருந்தன. தூசிக்கு அடியில் மட்டும், மழைக்குப் பிறகு கிளறிய மண்ணின் வாசனை.

மகளின் வேலைக்காகச் செருகியிருந்த மைக்கின் பக்கம் குனிந்தார். “கேக்குதா?”

இரண்டு கோடு.

அன்றும் சாயங்காலம்தான். உள்ளறையிலிருந்து அவள் மூன்று தடவை ‘என்னங்க’ என்று கூப்பிட்டாள். அவர் ஓய்வூதியர் சங்கத் தேர்தல் பற்றிப் போனில் முழங்கிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுப் போனபோது அவளும் முடிந்திருந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். மகளும் நம்பினாள்.

“எனக்குக் கேட்டுச்சு” என்றார். குரல் மேடையேறவில்லை. “மூணு தடவையும் கேட்டுச்சு. பேசிட்டு வரலாம்னு...”

மூன்று கோடு.

வாசற்கதவிலிருந்து இந்த நாற்காலி வரை சரியாகப் பத்து மீட்டர். வீட்டுக்கு வரைபடம் போட்டதே அவர்தான்.

கதவு திறக்கும் சத்தம் இல்லை. ஆனால் கூடத்து ஓடுகளில் ஏதோ இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. காது கேட்காதவள். கூப்பிட்ட உடனே வந்துவிட்டாள்.

கை தானாகக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் போனது. புளூடூத் துண்டு விரல் நுனியில் சுட்டது. பிடுங்கினால் போதும்.

பிடுங்கினால் அது நான்காவது தடவை.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரும்பவில்லை. மண் வாசனை. ஈரம். கழுத்தில் குளிர்.

நான்கு கோடு.

“என்னம்மா” என்றார்.

விசில். மெல்லிசாக. திரையிலிருந்து அல்ல. அவருடைய இடது காதை ஒட்டி.