முப்பத்தொன்று

முப்பது எண்ணி முடித்து அவர் வாயை மூடிக்கொண்ட பிறகும், கூரையில் யாரோ முப்பத்தொன்று என்றார்கள்.

சத்தமாக இல்லை. லாரியிலிருந்து இறங்கும் மூட்டைகளை ஒருவர் தனக்குள் எண்ணிக்கொள்வாரே, அந்தத் தொனி. கீழே வாசலில் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கும் மச்சினன்தான் போனில் கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தார். காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தால், லைன் எப்போதோ கட்டாகியிருந்தது.

சோலார் மாட்டுகிறவர்கள் இந்த மின்சாரப் பரிசோதகருக்கு வைத்திருந்த பேரே ‘முப்பது’தான். வெயில் அடிக்கிறவரை சோலார் பலகைக்குத் தூக்கம் கிடையாது. கட்டடத்தின் மெயினை இறக்கினாலும் கூரை வயரில் அறுநூறு வோல்ட் நின்றுகொண்டேயிருக்கும். அதனால்தான் ஒரு விதி: வாசலில் இருக்கும் சிவப்பு சுவிட்சை அமுக்கினால், முப்பது நொடிக்குள் அது முப்பது வோல்டுக்குக் கீழே இறங்கியாக வேண்டும். தீப்பிடித்த கட்டடத்தில் மேலே ஏறுகிறவன் உயிருக்கு அந்த முப்பது நொடிதான் ஜாமீன். மற்ற பரிசோதகர்கள் சுவிட்சின் நிறத்தைப் பார்ப்பார்கள், கொடுத்த குளிர்பானத்தைக் குடிப்பார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். இவர் கூரையேறி, பெட்டியைத் திறந்து, மீட்டரை மாட்டி, வாய்விட்டு எண்ணுவார். கேலி பண்ணாத ஆளில்லை. கேலி அவருக்கு உறைப்பதுமில்லை. ஒரு வருஷமாக எதுவுமே உறைப்பதில்லை. மனைவி குழம்பில் உப்பை மறந்த அன்றும் தட்டைக் காலி பண்ணிவிட்டு எழுந்து போனார்.

ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மெத்தைக் கோடவுன். அதற்கும் சோலார் மாட்டியது மச்சினன்தான். அப்போதெல்லாம் இவரும் கூரை ஏறுகிறவரில்லை. ‘அமுக்கிவிட்டு முப்பது நொடி காத்திருக்கவும்’ என்று வாசலில் ஒட்டியிருந்த அட்டையை மட்டும் பார்த்தார். எழுத்தின் உயரம் விதிப்படி இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்தார். இருந்தது. கையெழுத்துப் போட்டார். சுவிட்சுக்குப் பின்னால் வயரே கொடுக்கவில்லை என்பதை, எல்லாம் எரிந்து முடிந்த பிறகு மச்சினன் இவரிடம் மட்டும் சொன்னான். அந்த அட்டையைப் படித்த தீயணைப்பு வீரர் ஒருவர் சுவிட்சை அமுக்கி, முப்பது வரை வாய்விட்டு எண்ணி, அதற்குப் பிறகுதான் கூரையில் கை வைத்தாராம்; வைத்த கையை எடுக்க முடியாமலே செத்தாராம். கூட நின்றவர்கள் விசாரணையில் சொன்னது. காகிதமெல்லாம் ஒழுங்காக இருந்ததால், யார் மேலும் தப்பில்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

இன்று ஒரு துணிக்கடையின் மொட்டைமாடி. கீழே எழுபது பேர் வேலை பார்க்கிறார்கள். மச்சினனின் லைசென்ஸ் இந்த ஒரு கையெழுத்தில் தொங்குகிறது. “என் தம்பிய வாழ விடுங்க” என்று காலையில் மனைவி வாசல்வரை வந்து சொல்லியிருந்தாள்.

மீட்டரைப் பார்த்தார். நாலு வோல்ட். விதிப்படி பாஸ். பேனாவைத் திறந்தார், மறுபடி மூடினார். மச்சினனைக் கூப்பிட்டு, சுவிட்சைப் போட்டு இன்னொரு தடவை அமுக்கச் சொன்னார்.

இரண்டாவது தடவை மெல்லத்தான் எண்ணினார். மதிய வெயிலில் நூற்றறுபது பலகைகளும் கண்ணைக் கூசவைத்தன. சூடேறிய அலுமினியச் சட்டங்கள் டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தன. கீழே கடையில் யாரோ யாருக்கோ சாயம் போகாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், நனைந்த சாம்பலின் வாடை ஒன்று மெதுவாக எழுந்து வந்து மூக்கில் உட்கார்ந்துகொண்டது. முப்பது. நாலு வோல்ட். வாயை மூடினார்.

முப்பத்தொன்று.

மீட்டரில் முப்பத்தொன்று.

முப்பத்திரண்டு என்றது குரல். மீட்டரும் அதையே காட்டியது. முப்பத்தைந்து வரை கூடவே போய்விட்டு, திடீரென்று நாலுக்கு இறங்கியது. குரல் பலகைகளுக்கு அடியிலிருந்து வந்தது. அவர் குனிந்து பார்த்தார். முழங்கால் உயர நிழல். வரிசை வரிசையாகக் கால்கள், வயர், தூசி. தூசியில் ஈரம். எதுவோ சொட்டும் சத்தம். ஒரு மாதமாக மழையே கிடையாது.

பயந்திருக்க வேண்டும். பயம் என்னவோ அடுத்த தெருவில் நடக்கிற சண்டை மாதிரி தூரத்தில் கேட்டது, அவ்வளவுதான்.

படியில் மூச்சிரைக்க மச்சினன் வந்து நின்றான். கடைக்காரர் கீழே குதிக்கிறார், எத்தனை தடவை அமுக்குவது, ஆள் வைத்து அமுக்கவா என்று பொரிந்துவிட்டு மீட்டரை எட்டிப் பார்த்தான்.

“நாலு வோல்ட். பேட்டரி செல்லு மூணு சேர்த்தா இதவிடக் கூட வரும். இதுக்கா மாமா இந்த மூஞ்சி?”

“கை வைக்காத மாப்ள.”

“அந்த ஒரு நாள நெனச்சுக்கிட்டு எத்தன கூரைல நின்னு எண்ணுவீங்க? நான் மறந்துட்டேன், நீங்களும் மறங்க.” சிரித்தான். “இந்தாங்க. தொட்டே காட்டறேன்.”

பெட்டிக்குள் வயர் வந்து சேரும் இரண்டு முனைகளையும் இரண்டு கையாலும் பிடித்தான்.

ஒன்றும் ஆகவில்லை. பார்த்தீர்களா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினான். இவர் நெஞ்சில் ஒரு வருஷமாகக் கிடந்த கல் ஏதோ லேசாக அசைந்தது. கையெழுத்துப் போட்டுவிடலாம். காகிதத்தைத் தொடை மேல் வைத்தார். போட்டார்.

“முப்பத்தொன்று,” என்றான் மச்சினன்.

அது அவன் குரல் இல்லை.

“விளையாடாத. கைய எடு.”

முப்பத்திரண்டு. சிரித்த வாய் சிரித்தபடியே இருந்தது. உதடு அசையவில்லை. தொண்டை மட்டும் அசைந்தது. முப்பத்தொன்பது. நாற்பது. விலை படிந்த சரக்கை விடாமல் பிடிப்பதுபோல், விரல்கள் ஒவ்வொன்றாக இறுகின.

அணைக்க ஓடினார். இரண்டு எட்டில் நின்றார். சுவிட்ச் அணைந்துதான் இருக்கிறது. அணைக்க வேண்டியதை அணைத்தாயிற்று.

அறுபது.

ஒரு கட்டை. ஒரு கயிறு. எதுவும் கண்ணில் படவில்லை. பளபளக்கும் கண்ணாடி மட்டும். எல்லாக் கண்ணாடியிலும் வெயில்.

தொண்ணூறு. சட்டைக் கையிலிருந்து மெல்லிய புகை. மச்சினனின் கண் மட்டும் திரும்பி இவரைப் பார்த்தது. அந்தக் கண் அவனுடையதுதான். அதில் நீர் நிறைந்திருந்தது.

நூற்றிருபது. இப்போது ஒற்றைக் குரல் இல்லை. ஒவ்வொரு வரிசைக்கு அடியிலும் ஒன்று. பொறுமையாக. அவசரமில்லாமல். அட்டையில் எழுதியிருப்பதை நம்பி எண்ணுகிற குரல்.

சூரியன் இறங்க இன்னும் மூன்றரை மணி நேரம்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கையில் காகிதம். மை இன்னும் காயவில்லை. எப்போது ஆரம்பித்தார் என்று தெரியவில்லை, அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

இருநூற்றொன்று. இருநூற்றிரண்டு.