ஒட்டாத குழுவும் ஒரு காலி நாற்காலியும்

செவ்வாய்க்கிழமை காலை 10.20. ஏழு மாத உழைப்பைக் காணவில்லை.

குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் கட்டட வரைபடங்கள் அத்தனையும் அழிந்திருந்தன. அழித்த நேரம் 10.14. அழித்த கணக்கு வரைவாளருடையது.

நாலு நாட்டில் நாலு வீட்டிலிருந்து வேலை பார்த்த குழு அது. ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. "நான் தொடவே இல்ல" என்றார் வரைவாளர். மாலைக்குள் வேலை போயிற்று. மூன்றாம் நாள், குழுத்தலைவி எங்கிருந்தோ வரைபடங்களை மீட்டுக் கொடுத்தாள். மூன்றாம் வாரம், வரைவாளருக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் போயிற்று.

அவருடைய மனைவி எழுதிய கடிதம் விசாரணை அதிகாரியின் மேசைக்கு வந்தது. அலுவலகத்தில் அந்த அதிகாரி அம்மாளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். மீதி மூவரையும் திரையில் கூப்பிட்டார்.

"வரைபடம் அழிஞ்ச அன்னைக்குக் காலைல வீடியோ கூட்டம் எதுக்கு?"

"அவர் கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு. இங்கேர்ந்தே சரி பண்ணித் தரேன்னேன்" என்றாள் தலைவி.

"குழு எப்படி?"

"முன்னெல்லாம் எலியும் பூனையும்தான். இப்போ கூடப்பிறந்தவங்க மாதிரி" என்றாள் மின்பொறியாளர்.

அதிகாரி கூட்டத்தின் பதிவை ஓட்டினார். 10.12. அழைப்பு மணி. "ஒரு நிமிஷம்மா" என்று வரைவாளர் எழுந்து போகிறார். 10.14. நாற்காலி காலி. 10.16. கையில் பார்சலோடு திரும்புகிறார்.

"ஆளே இல்லாதப்ப அழிஞ்சிருக்கு. அவர் கம்ப்யூட்டரை இயக்க அனுமதி வாங்கியிருந்தது நீங்க ஒருத்தர்தான். நகலை முன்னாடியே எடுத்து வெச்சதால மீட்கவும் உங்களால முடிஞ்சுது."

தலைவி மறுக்கவில்லை. "ஒரு வருஷம் விளையாட்டு வெச்சேன், பிறந்தநாள் கொண்டாடினேன். இவங்க ஒட்டவே இல்ல. சேர்ந்து வெறுக்க ஒரு ஆளைக் கொடுத்தேன். மூணே நாள்ல ஒட்டிக்கிட்டாங்க."

அதிகாரி மற்ற இருவர் பக்கம் திரும்பினார். "கூட்டத்துல நீங்களும் இருந்தீங்க. காலி நாற்காலி உங்க கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு."

குழாய்ப் பொறியாளர் தலைகுனிந்தார். "பார்த்தோம்."

"ஏன் சொல்லல?"

"அப்பதான் நாங்க முகம் கொடுத்துப் பேசவே ஆரம்பிச்சிருந்தோம், மேடம்."

மின்பொறியாளர் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இவங்களையும் அனுப்பிட்டா எங்களை யார் சேர்த்து வெப்பாங்க?"

அதிகாரி அறிக்கையில் 'குற்றவாளி' என்று ஏற்கெனவே எழுதியிருந்த சொல்லோடு 'கள்' சேர்த்தார்.