நாலு மணிக் காவல்

கிள்ளானில் ஒரு பழைய பங்களாவை முதியோர் இல்லமாக மாற்றியிருந்தார்கள். லோகேஸ்வரி அங்கே வேலைக்கு வந்த முதல் நாள் காலை, இராவேலை முடிந்து கிளம்பிய மாதவி ஒரு வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தாள். அடுத்து வேலைக்கு வருபவள் அறை வாசலில் வந்து நின்று, “டூட்டி எடுத்துக்கிட்டேன்” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இருப்பவள் நகர வேண்டும்.

“உங்களுக்குக் கடேசி ரூம்க்கா. நல்லம்மா பாட்டி. தொண்ணூத்தேழு வயசு, ஜான்சி ராணிப் படையில சேந்து பர்மாவுக்குப் போனவங்க. சாயந்தரம் நாலு மணி ஆனா வாசப்படியப் பாத்து அழுவாங்களாம். பக்கத்துல இருங்க, போதும்லா.”

அன்று மூன்றரைக்கே வானம் இருண்டது. மழை அடித்த அடியில் மின்சாரமும் போனது. லோகேஸ்வரியின் மனமெல்லாம் மகளிடம் இருந்தது. ஐந்து மணிக்கு அவள் படிக்கும் பாலர் பள்ளியை, தாடிகாவை, மூடிவிடுவார்கள். ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிவர அவளை விட்டால் ஆள் கிடையாது.

மணி நாலானது.

அறைக்குள் ஈரக் கித்தான் வாடை வந்தது. வாசலில் இரண்டு பூட்ஸ் குதிகால்கள் சேர்ந்து மோதின.

அங்கே யாருமில்லை.

நல்லம்மாள் அவள் கையைப் பற்றிக்கொண்டார். “இராஜம்மா நிக்கிறா,” என்று கிசுகிசுத்தார். “படை பின்வாங்கிப் போற நேரம். முகாம் வாசல்ல அவ காவல். நாலு மணிக்கு நான் போயி மாத்தணும். லோரி கெளம்புதுன்னாங்க. உயிர் பயம்மா, ஏறிட்டேன். நான் வருவேன்னு அவ நின்னுக்கிட்டே இருக்கா.”

லோகேஸ்வரிக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அழுகை நின்றால் போதும் என்று, வாசற்படியில் போய் நின்று காலையில் கற்றதைச் சொன்னாள்.

“டூட்டி எடுத்துக்கிட்டேன்க்கா. நீங்க போங்க.”

காதருகே யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டார்கள்.

வலது தோளில் ஒரு பாரம் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத துப்பாக்கி வார் ஒன்று சதையில் அழுந்தியது.

“நீ ஏம்மா சொன்ன?” நல்லம்மாளின் குரல் உடைந்தது. “அது நான் சொல்ல வேண்டியது. பயந்துக்கிட்டு இத்தன வருஷமா வாயே தொறக்கல.”

லோகேஸ்வரி வாசற்படியிலிருந்து காலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. கூப்பிட்டாள். மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கையில் மாதவி இராவேலைக்குக் குடையை உதறிக்கொண்டு வந்தாள். சொல்லாதே என்று ஒரு வார்த்தை போதும். லோகேஸ்வரியால் சொல்லியிருக்க முடியும். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. தாடிகா டீச்சர்.

லோகேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“டூட்டி எடுத்துக்கிட்டேன்க்கா,” என்றாள் மாதவி சிரித்தபடி.

பாரம் இறங்கியது. லோகேஸ்வரி ஓடிப்போய் முதலில் வந்த டாக்சியில் ஏறினாள். “அக்கா, என் காலு...” என்று பின்னால் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை இல்லத்திலிருந்து போன் வந்தது. மாதவி இராத்திரி முழுக்க அந்த வாசலைவிட்டு நகரவில்லையாம். நாலு பேர் இழுத்தும் அசையவில்லையாம். விடியும்போது நின்றபடியே உயிர் போயிருந்ததாம்.

லோகேஸ்வரி வேலைக்குப் போகவில்லை. ஃபிளாட் கதவைப் பூட்டி, மகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே நல்ல வெயில்.

நாலு மணிக்கு ஈரக் கித்தான் வாடை வந்தது.

கதவுக்கு வெளியே குதிகால்கள் மோதின.

“அக்கா,” மாதவியின் குரல் கெஞ்சியது. “மாத்திவிட யாரும் வரலையா?”

மகள் நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை.

“நான் வர...”

லோகேஸ்வரி அந்தச் சின்ன வாயை இறுகப் பொத்தினாள். கதவுக்கு வெளியே சத்தம் நிற்கவில்லை. நாளைக்கும் நாலு மணி வரும்.