முதுகோடு முதுகு

அவள் படுத்தபோது மெத்தையின் மறுபாதி ஏற்கெனவே சூடாக இருந்தது.

ஒத்திகையில் யாராவது படுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பழைய கிடங்கு அது. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். தரை முழுக்க மெத்தைகள். மெத்தைக்கு ஒரு பார்வையாளர். விளக்கணைந்ததும் ஆட்டக்காரர்கள் வந்து, ஆளுக்கொருவர் முதுகோடு முதுகு சாய்ந்து, பார்வையாளரின் மூச்சையே தங்கள் மூச்சாக்கிக்கொள்வார்கள். அந்த மூச்சிலிருந்துதான் தோளும் இடுப்பும் அசையத் தொடங்கும். நடுவில் ஒரு மணி அடிக்கும். அதன்பின் பார்வையாளர் ஆட்டக்காரரின் மூச்சைப் பின்தொடர வேண்டும். விடியும்வரை அதுதான் நடனம்.

அதை அமைத்தவள் அவளுடைய தங்கை. போன மழைக்காலத்தில், வெளியூர் விடுதி அறையில் இளைப்பு வந்து, இழுத்த மூச்சை விடாமலே போய்விட்டாள். இது கடைசிக் காட்சி என்று குழுவின் மாஸ்டர்தான் அழைத்திருந்தார்.

"பிடிக்கலைன்னா தரையில ரெண்டு தட்டு தட்டுங்கக்கா, உடனே எழுந்து போயிடுவாங்க. குறட்டை விட்டீங்கன்னா மட்டும் நாங்களே எழுப்பிடுவோம்."

"என் பக்கத்துல யாரும் வேண்டாம் மாஸ்டர். அவ ஆடின இடத்துல சும்மா படுத்திருந்துட்டுப் போறேன்."

"அவ இடத்துக்கு நாங்க வேற ஆளே போடலக்கா. யாரும் வர மாட்டாங்க."

விளக்கணைந்தது. வெறுங்கால்கள் சிமெண்டுத் தரையில் உரசி நெருங்கி வர, வலித் தைலமும் வியர்வையும் கலந்த வாசனை இருட்டில் மெல்லப் பரவ, ஒவ்வொரு மெத்தையாக அமுங்கும் சத்தம் கேட்டது. எங்கோ ஒருவர் கூச்சத்தில் கிளுக்கென்று சிரித்து அடங்கினார். அவள் மெத்தை அமுங்கவில்லை. அமுங்காமலே ஒரு முதுகு வந்து அவள் முதுகில் ஒட்டியது.

யாரோ மறந்துபோய் வந்திருக்கிறார்கள். அவள் தரையில் இரண்டு தட்டு தட்டினாள்.

பின்னாலிருந்து இரண்டு தட்டு பதிலாக வந்தது.

பிறகு, குளிர்ந்த உள்ளங்கால் ஒன்று அவள் கெண்டைக்காலில் பதிந்தது. ஒரே கட்டிலில் படுத்த வயதில் தங்கை செய்கிற வேலை அது. உதைத்தாலும் எடுக்க மாட்டாள்.

"எடுடி கழுதை," என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது.

கால் இன்னும் அழுத்தமாகப் பதிந்தது.

அழுகை வந்தது. பயமும் வந்தது. ஆனாலும் நகர மனமில்லை. இவ்வளவு நாளும் ஏங்கியது இந்த ஒரு தொடுதலுக்குத்தானே. அவள் மூச்சு விட, பின்னாலிருந்த முதுகும் மூச்சு விட்டது. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மெல்லிய விசில். இளைப்பின் விசில்.

மணி அடித்தது.

பின்னாலிருந்த மூச்சு நீண்டது. அவளுடையதும் நீண்டது. தன் மூச்சை வேகமாக விடப் பார்த்தாள். முடியவில்லை. தரையைத் தட்ட நினைத்தாள். கை எழவில்லை. இப்போது அவள் தொண்டையிலும் அந்த விசில்.

விடிந்ததென்று விளக்குகள் எரிந்தன. கைதட்டல். ஆட்டக்காரர்கள் எல்லோரும் எதிர்ச்சுவரோரம் வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். எல்லோரும்.

மாஸ்டர் அருகே வந்து குந்தினார். கண்கள் கலங்கியிருந்தன.

"தனியாவே படுத்திருந்தீங்களேக்கா. துணைக்கு யாரையாவது அனுப்பியிருக்கலாமோன்னு தோணிச்சு."

அவள் முதுகில் அந்த முதுகு அப்படியே இருந்தது. அது மூச்சை இழுத்தது. ஆழமாக. அவளும் இழுத்தாள்.

அது விடவில்லை.