கேட் வரைக்கும்

கேட்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் கேமராவின் திரையில் அங்கே ஒரு தோள் இருந்தது.

தோள் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. தலைமுடி கனத்தில் சிவப்பாக வளைந்த ஒரு கோடு, அவ்வளவுதான். பழைய லென்ஸை இந்தக் காலத்துக் கேமராவில் மாட்டினால் கேமரா தானாக எதையும் தெளிவாக்காது. லென்ஸ் மாட்டியிருப்பதே அதற்குத் தெரியாது. ஆள்தான் வளையத்தைக் கையால் திருப்பித் திருப்பித் தூரத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒத்தாசையாக, எந்தத் தூரம் கூர்மையாக விழுகிறதோ அந்தத் தூரத்தில் இருக்கிற பொருள்களின் ஓரங்களைத் திரை சிவப்புக் கோட்டால் காட்டும். கேட்டின் கம்பிகள் சிவந்திருந்தன, அது சரி. தூணின் விளிம்பு சிவந்திருந்தது, அதுவும் சரி. இரண்டுக்கும் நடுவே மழை மட்டும் விழுந்துகொண்டிருந்த வெற்றிடத்தில் அந்த வளைவு எதற்கு?

அவன் நிமிர்ந்து, திறந்திருந்த வாசல் கதவு வழியாக வெறும் கண்ணால் பார்த்தான். மழை. பத்து மீட்டர் சிமென்ட் பாதை. பூட்டாத கேட். குனிந்து திரையைப் பார்த்தான். தோள்.

"பாதி வேலை," என்று அண்ணனை நினைத்து முணுமுணுத்தான். "செத்தும் பாதி வேலைதான்."

லென்ஸ் நேற்று கூரியரில் வந்திருந்தது. அனுப்பியவள் அண்ணி. பழைய தோல் உறை, பூஞ்சை வாசனை, உள்ளே கல் மாதிரி கனக்கிற ஒரு லென்ஸ், பழுப்பேறிய கண்ணாடி. அதை இவனுடைய கேமராவில் பொருத்துவதற்கென்று அண்ணனே கடைசல் பிடித்த ஓர் அடாப்டர் ரிங். பெட்டியின் மேல் அண்ணனின் கோணல் எழுத்து: 'ஒத்தக்கண்ணனுக்கு.' சின்ன வயதில் எந்நேரமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதையாவது பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்கு அண்ணன் வைத்த பெயர் அது. அதைப் படித்தபோது இவனுக்குக் கண் கலங்கவில்லை. காது சூடானது.

ஒன்பது வருடக் கோபம். அம்மா வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்று, எடுத்தவன் இவன். ஒரு கண்காட்சியில் அது அண்ணனின் பெயரோடு சுவரில் தொங்கியது. "கழுவி, பிரின்ட் போட்டது நான்தானேடா" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை இவன் ஒன்பது வருடமாகப் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி நாக்கால் தடவிக்கொண்டே இருந்தான். அண்ணன் தொலைபேசியில் அழைத்தால் எடுக்கவில்லை. எழுதினால் பிரிக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு மழையில், அண்ணன் நேரிலேயே வந்தான். கேட்டைத் திறக்கவில்லை. அக்குளில் ஒரு பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு, உள்ளே கூப்பிடட்டும் என்று வெளியிலேயே நின்றான். எட்டு வயது மகள்தான் முதலில் பார்த்தாள். வாசலில் யாரையும் நிற்க வைக்க அவளுக்குப் பொறுக்காது. கேஸ் சிலிண்டர்காரருக்குக்கூடப் புத்தகப் பையைக் கேட்டின் கொண்டியில் மாட்டிவிட்டு இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்துத் திறந்துவிடுகிறவள்.

"அப்பா, அந்த மாமா நனையறாங்க. குடை குடுத்துட்டு வரட்டா?"

"அவன் யாரும் இல்ல. உக்காந்து படி."

ஜன்னல் திரையை இழுத்து மூடினான். ஒரு மணி நேரம் கழித்து விலக்கிப் பார்த்தபோது கேட்டில் யாரும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு பத்து மீட்டர் நடப்பது பெரிய தர்மம் ஒன்றும் இல்லை. கடவுள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் அந்த அளவுதான். அதைத்தான் நாம் தர மாட்டேன் என்கிறோம். இரண்டு மாதத்தில் அண்ணன் போய்விட்டான். உடலை எடுக்கும்போதுகூட இவன் போகவில்லை.

இப்போது மணி ஐந்து. மனைவி வேலையிலிருந்து வர ஏழாகும். மகளின் பள்ளி வேன் ஐந்தரைக்கு வரும். முன்னறை மேசையில் ஒரு கடைக்காகப் படம் எடுக்க வந்த முப்பது மூக்குக்கண்ணாடிகள் வரிசையாக வாசலைப் பார்த்து நின்றன. காலையில் மகள் அவற்றைப் பார்த்து, "முப்பது வாத்தியாருங்க முறைக்கற மாதிரி இருக்குப்பா" என்று சிரித்துவிட்டுப் போனாள். கேமரா மேசைக்கு இந்தப் பக்கம் முக்காலியில் நின்றது.

தூரத்தை எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்கத்தான் அதை வாசல் பக்கம் திருப்பினான். வளையத்தைக் கடைசி முனைவரை, எல்லையின்மையைக் குறிக்கும் அந்தப் படுத்த எட்டுவரை, திருப்பியும் கேட்டைத் தாண்டி எதுவும் தெளியவில்லை. எதிர்ச் சுவர் மங்கல். தெருவிளக்கு ஒரு கசங்கிய ஒளி. காரணம் அவனுக்குத் தெரியும்: அடாப்டர் ரிங் கால் மில்லிமீட்டர் கனம் கூடுதல். அண்ணன் அதைத் தேய்த்து முடிக்கவில்லை.

லென்ஸின் கண்ணாடியைத் துடைத்தான். பூஞ்சையாக இருந்தால் வளையத்தைத் திருப்பும்போது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மெதுவாகக் கிட்டத்துக்குத் திருப்பினான். கேட்டின் சிவப்பு அவிந்தது. பாதையின் நடுவிலிருந்த பூந்தொட்டி சிவந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் தோள், கழுத்து, ஒரு காது, உடம்போடு ஒட்டிய ஈரச் சட்டையின் காலர், எல்லாம் ஒரே கோட்டில், யாரோ நிதானமாக உட்கார்ந்து வரைந்ததுபோல் சிவந்தன.

வெளியே தொட்டி மட்டும் இருந்தது. மழை அதன் மண்ணில் குழி பறித்துக்கொண்டிருந்தது.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். கைபேசியை எடுத்து, என்ன சனியனை அனுப்பி வைத்திருக்கிறீர்கள் என்று அண்ணியிடம் கத்தினான். அண்ணி கத்தவில்லை. உங்கள் அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தே அந்த ரிங்கை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தார் என்றாள். கொஞ்சம் பாக்கி இருக்கும்போது நிறுத்திவிட்டார் என்றாள்.

"ஏன் விட்டுட்டீங்கன்னு கேட்டேன் தம்பி. கேட் வரைக்கும் தெரிஞ்சா போதும், அதுக்கு மேல என்னைத் தள்ளிட வேணாம்னார். எனக்கு ஒண்ணும் புரியல."

அவன் கைபேசியை மறு காதுக்கு மாற்றினான்.

"அன்னிக்கு எதுக்கு வந்தார்னு நீங்க கேக்கவே இல்ல. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தார். இப்பவாவது மனசுக்குள்ள ஒரு தடவை 'வா'ன்னு சொல்லிடுங்களேன். உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

அழைப்பைத் துண்டித்தான். 'வா'வாம். ஒன்பது வருடத்தை இரண்டு பேரும் சேர்ந்து ஒற்றை எழுத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள். வளையத்தை வெடுக்கென்று திருப்பினான்.

வாசல்படி. படியின் விளிம்பு சிவந்தது. அதன் மேல் இரண்டு பாதங்களின் ஓரம். முழங்கால். இடுப்பு. ஒரு கை நீண்டிருந்தது.

இன்னும் திருப்பினான். ஏன் திருப்பினான் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. தேடி வந்த சண்டையை விடக்கூடாது என்று விரல் நினைத்திருக்கலாம். நிலைப்படி சிவந்தது, அவிந்தது. செருப்பு வைக்கும் பலகை சிவந்தது, அவிந்தது. அறையில் ஈரத் துணி நாற்றமும் அதற்கடியில் புளித்த ஒரு நெடியும் எழுந்தன. படம் கழுவும் ஹைப்போ. இருட்டறையிலிருந்து வந்து அண்ணன் இவன் தலையைக் கோதும்போதெல்லாம் அந்த விரல்களில் இருந்த நெடி.

வளையம் கிட்ட முனையில் இடித்து நின்றது. நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அதற்கு மேல் கிட்டத்தில் இந்த லென்ஸால் பார்க்க முடியாது.

திரையில் மூக்குக்கண்ணாடிகள் சிவந்திருந்தன. அவற்றின் மேல் ஓர் உள்ளங்கை. விரித்த கை. ரேகை ரேகையாகச் சிவப்பு. கட்டைவிரலின் அடியில் பிறை மாதிரி அண்ணனின் பழைய தீத்தழும்பு.

அடிக்க ஓங்கிய கை இல்லை அது. பிடித்துக்கொள்ளக் கொடுத்த கை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அது நடந்து வரவில்லை. இவன்தான் வளையத்தைத் திருப்பித் திருப்பி அழைத்து வந்திருக்கிறான். பின்தொடர்வதாக நினைத்துக்கொண்டு, கேட்டிலிருந்து மேசைவரை, ஒவ்வோர் அடியாக.

ஒரு வார்த்தை போதும். மேசைக்கு மேல், காலியாகத் தெரியும் அந்த இடத்தில், கையை வைத்தால் போதும். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அதற்கு நகரவும் செய்தது. பிறகு அம்மாவின் சிரித்த முகமும் அதன் கீழே ஒட்டியிருந்த பெயரும் ஞாபகம் வந்தன.

"போ," என்றான்.

வளையத்தைத் தூர முனைக்குச் சுழற்றினான். பலகை, படி, தொட்டி, கேட். கேட்டில் நின்றது. அதற்கு மேல் வளையம் நகரவில்லை. கம்பிகளுக்குப் பக்கத்தில், முன்பு நின்ற இடத்திலேயே, அந்தத் தோள். இன்னும் கால் மணி நேரத்தில் மகள் அந்த வழியாகத்தான் வருவாள். இந்த வீட்டு வாசலில் அது நிற்கக்கூடாது.

லென்ஸைக் கழற்றினான். ரிங்கை எடுத்தான். உப்புத்தாளைத் தரையில் போட்டு, சம்மணமிட்டு, தேய்க்க ஆரம்பித்தான்.

அண்ணன் பாக்கி வைத்த வேலை. சர்க், சர்க் என்று பல் கூசும் சத்தம். விரல் நுனிகளில் உலோகப் பொடி. நாக்கில் இரும்புச் சுவை. ஒன்பது வருடமும் அந்தத் தாளில் உரசியது. வட்டமாகத் தேய்த்து, நாலு சுற்றுக்கு ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்ததே அண்ணன்தான். அவன் அளக்கவில்லை. சர்க், சர்க். மழைக்குள் எங்கோ ஒரு வேன் பின்னால் நகரும் பீப் பீப் கேட்டது. அடுத்த தெருவாக இருக்கும். சர்க், சர்க். ஒரு கீல் கிறீச்சிட்டது. ஒரு மெல்லிய குரல் யாரிடமோ ஏதோ கேட்டது. சர்க், சர்க், சர்க்.

போதும்.

ரிங்கை மாட்டினான். லென்ஸை முடுக்கினான். திரை விழித்தது.

கேட். உருவம் இருந்தது. இந்தத் தடவை முதுகைக் காட்டி. கை நீண்டிருக்கவில்லை; கீழே தாழ்ந்திருந்தது. பழைய ஆணவம் என்று நினைத்தான். தலைக்கு மேல் ஏதோ அகலமாக வளைந்த ஒரு கோடு. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"போ. திரும்பி வராதே."

திருப்பினான். முதல் முறையாக எதிர்ச் சுவர் தெளிந்தது. உருவம் சுவரோரம் இருந்தது. திருப்பினான். தெருவிளக்கு. திருப்பினான். தெருமுனை. சிவப்பு சிறுத்துக்கொண்டே போனது. நிம்மதி தொண்டைவரை வந்தது. படுத்த எட்டு. எல்லையின்மை. வானத்தின் விளிம்பு கூர்மையானது.

வளையம் நிற்கவில்லை.

அளவுக்கு மேல் தேய்த்துவிட்டான். எல்லையின்மையைத் தாண்டியும் திரும்பியது. வானம் மங்கியது. தெரு மங்கியது. கேட் மங்கியது. உலகத்தில் இருக்கிற எந்தப் பொருளும் அந்தத் தூரத்தில் இல்லை. அங்கே எதுவும் சிவக்க முடியாது.

இரண்டு உருவங்கள் சிவந்திருந்தன.

ஒன்று உயரம். ஒன்று அதன் இடுப்பளவு. இரட்டைச் சடை. சின்னது ஒரு கையால் பெரியதின் கையைப் பிடித்திருந்தது. இன்னொரு கையை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி, எக்கி எக்கி, ஒரு குடையைப் பெரியதின் தலைக்கு மேல் பிடித்திருந்தது.

அவன் நிமிர்ந்தான். மழை. பாதை. கேட் திறந்து கிடந்தது. கொண்டியில் ஒரு புத்தகப் பை.

ஓடினான். தெருமுனைவரை. மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினான். ஈர ரோடு. விளக்கு. யாரும் இல்லை. திரும்பி ஓடி வந்தான்.

வளையத்தைப் பின்னால் திருப்பினான். தெருமுனை. சுவர். கேட். பையின் ஓரம் சிவந்தது. பை மட்டும். தொட்டி. படி. முப்பது மூக்குக்கண்ணாடிகள். அவற்றின் மேல் எந்தக் கையும் இல்லை.

"வா," என்றான். "அண்ணா, வா. உள்ள வா."

கிட்ட முனையில் இடித்தது. மறுபடியும் தூரத்துக்கு. மறுபடியும் கிட்டத்துக்கு. "வா." ஒன்றும் வரவில்லை. கடைசியில் வளையத்தை அந்த இடத்துக்கே, எல்லாம் மங்கிப்போகும் அந்த இடத்துக்கே, கொண்டுபோனான்.

அங்கே மட்டும் இருந்தார்கள். இன்னும் சிறிதாக. விரல் ஒரு மயிரிழை அசைந்தாலும் அவிந்துவிடும் அளவுக்குச் சிறிதாக.

விரலை அசைக்காமல் நின்றான். உடம்பிலிருந்து மழைநீர் சொட்டியது. சின்னது ஒரு முறை திரும்பிப் பார்த்தது. பிறகு, பெரியவர் நனையாமலிருக்க, குடையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்துக்கொண்டது.