வெளிச்சம் பார்க்க எடுத்த படம்

“அழிச்ச படமெல்லாம் எங்கங்க போகும்?”

“எங்கேயும் போகாது. இந்த இடம் காலின்னு கேமராவுக்குள்ள இருக்கிற மெமரி கார்டு தனக்குத்தானே சொல்லிக்கும், அவ்வளவுதான். மேல வேற படம் வந்து உட்கார்ற வரைக்கும் பழசு அடியிலயே கிடக்கும்.”

“பாவம்.”

“யாரு?”

“அடியில கிடக்கிறவங்கதான்.”

அவன் சிரித்துவிட்டான். “அப்படிப் பார்த்தா, அதிகமா கிடக்கிறது நீதான்டி.”

கல்யாணமான புதிதில், ஏதோ ஒரு மண்டப வாசலில் வேனுக்குக் காத்து நின்றபோது பேசிக்கொண்டது. அன்று அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் உடம்பு அலுத்துப்போன சாயங்காலங்களில் அந்தப் பேச்சு கூப்பிடாமலே வந்து காதுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

அவன் சொன்னது பொய்யில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போனாலும், மணப்பெண் வருவதற்கு முன்னால் அவள்தான் அந்த நாற்காலியில் உட்காருவாள். வெளிச்சம் பார்க்க. அவன் படமெடுப்பான், சின்னத் திரையில் அவள் மூக்கு நிழலைப் பார்ப்பான், பின்சுவரின் நிறத்தைப் பார்ப்பான். “சரி, எழுந்திரு” என்பான். எடுத்த படத்தை அங்கேயே அழித்துவிடுவான். இத்தனை வருடத்தில் ஒன்றுகூடத் தங்கவில்லை. நல்ல மனுஷன், அவளுக்குத் தலைவலி என்றால் அவன் முகம்தான் முதலில் வாடும். ஊரார் வீட்டுப் பெண்களையெல்லாம் தேவதையாக்கி அனுப்புகிறவனுக்கு, அவளை அவளுக்காக ஒரு படம் எடுக்கவேண்டும் என்று மட்டும் தோன்றியதேயில்லை.

கேட்டிருக்கலாம். பலமுறை வாய்வரை வந்திருக்கிறது.

“ஏங்க, ஒண்ணு கேட்கட்டுமா?”

“கேளேன்.”

“ஒண்ணுமில்ல. லென்ஸ் துடைக்கிற துணி எங்க வெச்சீங்க?”

கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்று ஆரம்பத்தில் ஒரு வீம்பு. பிறகு அந்த வீம்பும் களைத்துப் படுத்துவிட்டது. ஆசை மட்டும் தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அன்று அவன் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தான். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தபாலில் வந்த மெமரி கார்டுகளோடு அவள் உட்கார்ந்தாள். புதுக் கார்டு வாங்கிக் கட்டுப்படியாகாமல், பழைய கார்டுகளைச் சரிபார்த்துப் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் வியாபாரியிடம்தான் இப்போதெல்லாம் வாங்குகிறார்கள். தேய்ந்த கார்டுகளைக் கொடுத்தால் அவரே எடுத்துக்கொள்வார். ஒருமுறை, மேலே போட்டிருந்தது ஒரு அளவு, பிடித்தது வேறு அளவு என்று ஒரு கார்டு ஏமாற்றி, ஒரு கல்யாணத்தின் பாதிப் படங்கள் காணாமல் போயின. அழுத பெண்ணைச் சமாதானப்படுத்தியவள் அவள்தான். அதிலிருந்து, எந்தக் கார்டு வந்தாலும் ஒழுகும் குடத்தைச் சோதிப்பதுபோல விளிம்புவரை நிரப்பிப் பார்த்துவிட்டுத்தான் அவன் பையில் வைப்பாள்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. சாம்பல் நிறத் திரைச்சீலை. அதன் முன்னால், பாஸ்போர்ட் படத்துக்கு ஆட்கள் உட்காரும் வட்ட ஸ்டூல். முக்காலியில் கேமரா. தானாகவே விட்டுவிட்டு எடுக்கும்படி வைத்துவிட்டால், அது பாட்டுக்கு வெறும் ஸ்டூலை எடுத்துக்கொண்டே இருக்கும். அவள் மேஜையில் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருப்பாள். கார்டு நிரம்பியதும் கேமரா தானே நின்றுவிடும்.

கடைசிக் கார்டின் ஸ்டிக்கர் ஓரம் கிளம்பியிருந்தது. நகத்தால் நெருடினாள். அடியில் காய்ந்த சிவப்புப் பொட்டு. நகப்பூச்சு. தங்கள் கார்டுகளுக்கு அவள் வைக்கும் அடையாளம் அது. எப்போதோ கழித்துக்கட்டிய கார்டு, சுற்றிவிட்டுத் திரும்ப வந்திருக்கிறது.

“போன இடத்துல பொழைக்கத் தெரியலையாக்கும்?” என்று அதனிடம் கேட்டுவிட்டு, கேமராவில் செருகினாள்.

க்ளிக். க்ளிக்.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. படம் அச்சடிக்கும் மிஷினிலிருந்து வந்த சூடான காகித வாசனை, மேலே சுற்றும் மின்விசிறியின் கிறீச்சல், ஷட்டருக்கு அடியில் கடந்துபோகும் செருப்புக் கால்கள். இவற்றுக்கு நடுவே சீராக அந்த ஒலி. மற்ற கார்டுகள் நிரம்ப எடுத்துக்கொண்ட நேரம் அவளுக்குத் தெரியும். இது நிரம்பவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தாள். இன்னும் எத்தனை படம் பிடிக்கும் என்று காட்டும் எண், ஆரம்பித்தபோது இருந்ததிலிருந்து இறங்கவேயில்லை.

மறுபடியும் ஒரு ஏமாற்றுக் கார்டு. இதற்குமேல் சலித்துக்கொள்ளக்கூட அவளிடம் தெம்பில்லை. என்னதான் பிடித்திருக்கிறது பார்ப்போம் என்று கேமராவை நிறுத்திவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

ஸ்டூல். ஸ்டூல். ஸ்டூல்.

பிறகு ஒரு படத்தில், ஸ்டூலின் ரெக்ஸின் மெத்தை நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது.

அடுத்ததில் பள்ளம் இன்னும் ஆழமாக. அதற்கடுத்ததில் திரைச்சீலையின் மேல் ஒரு நிழல். ஒரு தலை, ஒரு தோள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. மெத்தை உப்பலாகத்தான் இருந்தது.

கைப்பேசி அடித்ததும் தூக்கிவாரிப் போட்டது. அவன்தான்.

“கார்டெல்லாம் தேறுதா?”

“ஒண்ணு மட்டும் ஒரு மாதிரியா இருக்குங்க. ஸ்டூல்ல யாரோ உட்கார்ந்திருக்காங்க.”

“கஸ்டமர்னா உட்காரத்தானே செய்வாங்க? காசு வாங்கிட்டு விடு.”

“விளையாடாதீங்க.”

“ஏய், குரல் என்ன இப்படிக் கிணத்துக்குள்ள இருந்து வருது? ரொம்ப அலுப்பா இருக்கா? எல்லாத்தையும் மூடி வை. பக்கத்துலதான் வந்துக்கிட்டு இருக்கேன், சேர்ந்தே போயிடலாம்.”

பேச்சு முடிந்தபோதுதான் கவனித்தாள், கால் வலிக்கவில்லை. காலையிலிருந்து நின்ற கால். முதுகும் வலிக்கவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு உடம்பு இறகு மாதிரி இருந்தது. அந்த சுகத்தில் ஒரு கணம் கண்ணை மூடினாள்.

க்ளிக்.

நிறுத்தியிருந்தாளே.

ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். படத்தில் ஸ்டூலின் மேல் மடியில் கோத்த இரண்டு கைகள். கைகளுக்குக் கீழே புடவை மடிப்பு. அவள் இப்போது கட்டியிருக்கும் அதே நீலம். ஓரத்தில் அதே மைக்கறை. கழுத்துக்கு மேலே இன்னும் எதுவும் சரியாக வரவில்லை, வெறும் புகை. ஆனால் அந்த உட்கார்ந்த விதம்! தோள் தளர்ந்து, முழங்கால் ஒரு பக்கம் சாய்ந்து, தாடை கொஞ்சம் இறங்கி. ‘அப்படியே இருங்க’ என்று சொல்வதற்காகக் காத்திருப்பவள்போல. எத்தனை மணமேடைகளில் இப்படி உட்கார்ந்திருக்கிறாள்! வெளிச்சம் பார்க்க.

எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றாள். திரை கறுத்தது, படம் எதுவும் இல்லை என்று சொன்னது.

அழிச்சா எங்கேயும் போகாது.

கார்டை உருவினாள். உள்ளங்கையில் அது சூடாக இருந்தது, காய்ச்சல்காரியின் நெற்றிபோல. அல்லது அவள் கைதான் அவ்வளவு சில்லிட்டிருந்ததா? கார்டு விரல் நடுவிலிருந்து நழுவியது. இறுக்கிப் பிடித்துக்கொண்டுதானே இருந்தாள்? குனிந்து எடுக்கப்போனாள். விரல்கள் அதன்மேல் பட்டன. பட்ட மாதிரி தெரியவில்லை.

உஸ்ஸ்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஸ்டூலில் யாராவது கனமாக உட்கார்ந்தால் மெத்தையிலிருந்து காற்று வெளியேறும் சத்தம்.

நிமிரக்கூடாது என்று நினைத்தாள். நிமிர்ந்தாள்.

மெத்தை அமுங்கியிருந்தது. இப்போது படத்தில் இல்லை. இங்கே. அறைக்குள். திரைச்சீலையில் நிழல் விழுந்திருந்தது. கேமராவுக்குள் கார்டு இல்லை.

க்ளிக்.

நீலப் புடவை.

க்ளிக்.

கைகள்.

க்ளிக்.

கழுத்து. காதோர முடி. கடைசியாக முகம்.

அவள் முகம்தான். ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. ஒருநாள்கூட எழுந்து பாத்திரம் தேய்க்காத, யாருக்காகவும் காத்து நின்று கால் வீங்காத முகம். எத்தனையோ மணப்பெண்களின் விளக்கு வெளிச்சத்தையெல்லாம் ஒன்று விடாமல் சேர்த்து வைத்துக்கொண்ட முகம். அது அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது.

அவன். தோளில் பை, நெற்றியில் வியர்வை. அவள் கேமராவுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினாள். அங்கே போகாதீங்க. என்னைப் பாருங்க. உதடு அசைந்தது. மூச்சு வரவில்லை. மூச்சு என்று ஒன்று இருக்கிற மாதிரியே தெரியவில்லை.

“என்னடி, விளக்கெல்லாம் போட்டுக்கிட்டு ஜம்முனு உட்கார்ந்திருக்க?” என்றான் அவன், ஸ்டூலைப் பார்த்து. களைப்பையும் மீறி அவன் முகம் மலர்ந்தது. “என்னவோ தெரியல, இன்னிக்கு ரொம்ப அழகா இருக்க.”

அந்த ஒரு வார்த்தை. எத்தனை வருடம்!

அவன் பையை இறக்கிவைத்தான். கேமராவை நோக்கி நேராக நடந்து வந்தான். அவள் விலகவில்லை. விலகத் தெரியவில்லை. அவள் நின்றிருந்த அதே இடத்தில், அவள் நெஞ்சும் தோளும் இருந்த இடத்திலேயே, அவன் வந்து நின்றான். எதுவும் இடிக்கவில்லை. அங்கே இடம் காலியாகத்தான் இருந்தது.

அவன் கண் வழியே எதிரே பார்ப்பதுபோல அவளுக்குத் தெரிந்தது. ஸ்டூலில் இருந்தவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். தாடையைக் கொஞ்சம் இறக்கினாள். பிறகு, வாய்வரை வந்து வந்து திரும்பிப் போன அந்த ஆசை, அவளுடைய குரலிலேயே, கொஞ்சமும் தயங்காமல் வெளியே வந்தது.

“ஏங்க, ரொம்ப நாளா கேட்கணும்னு இருந்தேன். எனக்காக, என்னை ஒரு படம் எடுங்களேன். அழிக்காம வெச்சுக்கோங்க.”