பிணையிருக்கை

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அப்பாவும் மகளும் வேலைக்குக் கிளம்பினார்கள். ஆவுடையம்மாள் ராத்திரிக்கான இரண்டு டிபன் பெட்டிகளை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். கோமதிக்கு எலுமிச்சைச் சோறு. உலகநாதனுக்கு உப்பில்லாத ரசஞ்சோறு. அவர் மூடியைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதைத் தின்னுட்டுத் துபாய் வரைக்கும் போகணுமாக்கும்?"

"டாக்டர் சொன்னதத்தான் போட்டிருக்கேன். கால் வீக்கம் வடியட்டும், அப்புறம் கருவாட்டுக் குழம்பு கேளுங்க."

கோமதி அப்பாவின் காலைக் குனிந்து பார்த்தாள். செருப்பு வார் பதிந்த இடத்தில் பள்ளம் விழுந்து கிடந்தது. "இன்னைக்கு லீவு சொல்லிப் பாக்கட்டுமாப்பா? ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுன்னு அவரு சொல்லிருக்காருல்ல?"

"உக்காருதது ஒரு வேலையாட்டீ? முப்பது வருசம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்சவன் நான். கிளம்பு, கிளம்பு."

சங்கரன்கோவிலில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்று, மகளோடு சென்னைக்கு வந்துவிட்டவர் உலகநாதன். இப்போது அவர் வேலை உட்காருவதுதான். சட்டைப்பையில் நீல வில்லை குத்திக்கொண்டு, மகள் ஓட்டும் விமானத்தில் முதல் வரிசை சன்னலோரம் உட்காருவார். இறங்கமாட்டார். துபாய், சிங்கப்பூர், மஸ்கட் என்று ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு ஊரிலும் விமானம் கழுவுவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார். பேருக்கேற்ற வாழ்க்கை என்று ஆவுடையம்மாள் கேலி செய்வாள்.

விமான நிலையத்தில் பயணிகள் விமானியைத் திரும்பியும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் நீல வில்லை மேல்தான். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் அவரிடமே வந்து கேட்டாள்.

"நீங்கதானே பிணை? சொந்த மகதானா, இல்ல தத்தா?"

"சொந்த மகதாம்மா. மூக்கைப் பாரு, அப்படியே என் மூக்கு," என்றார். அந்தப் பெண்ணுக்கு மூச்சு வந்தது.

விமானங்கள் தாமாகவே பறக்கப் பழகி வெகுகாலம் ஆகிவிட்டது. தன்னோட்டியை நம்பி ஏறி இரண்டு விமானங்கள் கடலில் போனபிறகு, மனிதர் இருந்தால்தான் ஏறுவோம் என்றார்கள் பயணிகள். பிறகு அதுவும் போதவில்லை. இழப்பதற்கு ஏதாவது வைத்திருக்கிற மனிதர் வேண்டும் என்றார்கள். விமானியாகப் படிப்பதற்கோ ஒரு குடும்பத்தின் ஆயுள் சம்பாத்தியம் போதாது, எந்த வங்கியும் கடன் தருவதில்லை. கம்பெனிகள் இரண்டையும் முடிச்சுப் போட்டன. பயிற்சிக் கடனை நாங்களே தருகிறோம், கடன் அடையும்வரை உன் ரத்த உறவு ஒருவர் உன் விமானத்தில் உட்காரவேண்டும். உட்காராவிட்டால் மொத்தக் கடனையும் உடனே கட்டு, உரிமத்தையும் கொடு. பிணை ஏறிய விமானத்துக்கு டிக்கெட் விலை அதிகம். அந்த அதிகத்தில் ஒரு பைசா விமானிக்கு வராது. புதிய விமானியின் சம்பளத்தைவிட நுழைவாயிலில் இட்லி விற்பவரின் சம்பாத்தியம் அதிகம், அவருக்குக் கடனும் கிடையாது.

விமானி அறையில் ஒரு சிறிய மணி உண்டு. யாரை ஏற்றியிருக்கிறோம் என்று விமானி மறந்துவிடக் கூடாதாம், அதற்காகப் பிணையிருக்கையின் பொத்தானோடு கம்பெனி அதை இணைத்திருந்தது. உட்கார்ந்ததும் ஒருமுறை அழுத்தினால் போதும். உலகநாதன் அதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார். இறங்கும் முன் கோமதி அவருக்கு அடையாளமாகப் பெல்ட் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவாள். அவர் இரண்டு தடவை அழுத்துவார். பஸ்ஸில் இரண்டு விசில் கொடுத்தால் என்ன அர்த்தமோ அதே அர்த்தம். ரைட், போகலாம்.

அன்றைக்கும் துபாயின் விளக்குகள் தெரிந்ததும் விளக்கை அணைத்துப் போட்டாள். மணி வரவில்லை. மறுபடி அணைத்துப் போட்டாள். இத்தனை நாளில் அவர் தாமதித்ததே இல்லை.

பிறகு மணி இரண்டு தடவை அடித்தது.

"தூங்கிருக்காரு மனுசன்," என்று சிரித்துக்கொண்டாள். அவரை உலுக்கக் கூடாதென்று, என்றுமில்லாத மென்மையாக விமானத்தை இறக்கினாள். உள்ளே பயணிகள் கைதட்டுவது கேட்டது.

கதவைத் திறந்தபோது பணிப்பெண் மெர்லின் வாசலை மறித்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, கடலுக்கு மேல வரும்போதே அப்பா போயிட்டாங்க. ஒரு டாக்டர் இருந்தாரு, என்னென்னவோ செஞ்சு பாத்தாரு. இறங்குற வரைக்கும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு விதி."

"என்ன பேசுத? இப்பதானே மணி அடிச்சாரு?"

"நான்தான்க்கா அடிச்சேன். எப்பவாச்சும் நான் கண்ணசந்துட்டா நீ அடிச்சிரு, புள்ள பயந்துரும்னு சொல்லி வச்சிருந்தாங்க."

கோமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுக்கு முன்னால அடிச்சிருக்கியா?"

மெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். "கொஞ்ச நாளாவே நான்தான்க்கா. சென்னையைத் தாண்டுனதுமே அப்பாவுக்கு வலி வந்துரும். அசைய முடியாம கிடப்பாங்க."

அப்பா சன்னல் பக்கம் சாய்ந்திருந்தார். ரசஞ்சோற்றுப் பெட்டி திறக்கப்படாமல் மடியில் இருந்தது. அவர் உயிரை நம்பி ஏறியவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டி, சத்தம் போடாமல், பத்திரமாக இறங்கிப் போனார்கள். கோமதி அவர் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

காரியம் முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து பேசினார்கள். இழப்புக்கு வருந்துவதாகச் சொன்னார்கள். அடுத்த பிணை யார் என்று கேட்டார்கள்.

"வேலையை விட்டுருதேன்மா. கடனுக்கு ஊர்வீட்டை எடுத்துக்கிடட்டும்," என்றாள் கோமதி.

"வீடு போயிட்டா மட்டும் கடன் தீந்துருமா? உங்கப்பா உக்காந்ததெல்லாம் வீணாப் போயிருமே." ராட்டினத்தில்கூட ஏறப் பயப்படும் ஆவுடையம்மாள் புருசனின் நீல வில்லையைத் தன் சேலையில் குத்திப் பார்த்தாள். "காதுல பஞ்சு வச்சுக்கிடுதேன். எனக்கு உன்னைய விட்டா யாரு இருக்கா?"

கோமதி அவளைக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு சத்தியம் பண்ணிக் குடும்மா. மணியை நீதான் அடிக்கணும். முடியலைன்னா அடிக்கவே கூடாது. மெர்லின அடிக்க விடக் கூடாது."

"நானேதான் அடிப்பேன். சத்தியம்," என்றாள் அம்மா, மகளின் கண்ணைப் பார்க்காமல்.

அம்மா ஏறிய முதல் பயணத்தில் காற்று பலமாக இருந்தது. கடல் முழுக்க விமானம் தூக்கித் தூக்கிப் போட்டது. மஸ்கட் நெருங்கியதும் கோமதி பெல்ட் விளக்கை அணைத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் அம்மா இருந்தாள். இறங்கி முடியும்வரை அந்தக் கதவைத் திறக்கக் கூடாது.

மணி இரண்டு தடவை அடித்தது.

யார் விரல் என்று தெரியாமலே கோமதி விமானத்தை இறக்கினாள்.